லேனைப் பார்த்துப் பந்தை எடுங்கள்: சேலத்தில் இருந்து பவுலிங் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காடு மலைப்பாதையில் பைக் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வெயில் படுகிற வளைவில் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். மேலே போகப் போக, சில்வர் ஓக் மரங்களில் இருந்து பனி சொட்டி ஈரமாகக் கிடக்கும் வளைவுகள் வரும். அதே டயர், அதே வேகம்தான். ஆனால் வண்டி நினைத்த இடத்தில் திரும்பாது, கொஞ்சம் வழுக்கித் தள்ளிப்போய்த்தான் திரும்பும். பந்தை உருட்டி, எதிர்முனையில் நிற்கும் பத்துப் பின்களை (குப்பி வடிவக் கட்டைகளை) வீழ்த்தும் பவுலிங் ஆட்டத்தில், லேன் எனும் நீண்ட ஓடுபாதையில் பந்துக்கு நடப்பதும் இதுவேதான். ஈரத்துக்குப் பதிலாக அங்கே எண்ணெய் இருக்கிறது.

போன மாதம் என் மாமா பையன் போன் செய்தான். "அண்ணா, ஆன்லைன்ல ஒரு பந்து பார்த்தேனுங்க. செம ஹூக்காம். வாங்கிடலாமுங்களா?"

"எந்த லேன்ல போடப்போறடா?"

"லேன் எல்லாம் ஒண்ணுதானுங்களே அண்ணா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். லேன் எல்லாம் ஒன்று இல்லை. ஒரே லேன்கூடக் காலையில் ஒன்றாகவும் சாயங்காலம் வேறாகவும் இருக்கும். அதனால்தான் எந்தப் பந்து நல்ல பந்து என்று கேட்பதைவிட, எந்த எண்ணெய்க்கு எந்தப் பந்து என்று கேட்பது சரி. கீழே சொல்வதெல்லாம் வலது கைக்காரர்களுக்கானது. இடது கை என்றால் திசையை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃபவுல் லைனில் (பந்து போடும்போது கால் தாண்டக் கூடாத கோடு) இருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. அகலம் 41½ அங்குலம், அதில் 39 பலகைகள். இப்போது பெரும்பாலும் செயற்கைத் தளம்தான், இருந்தாலும் பலகைக் கோடுகள் வரைந்திருக்கும். வலது ஓரத்தில் இருந்து எண்ணினால் ஐந்தாவது பலகையில் முதல் அம்புக்குறி, பத்தாவதில் இரண்டாவது, இப்படி ஐந்து ஐந்தாக ஏழு அம்புகள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை இதில்தான் பேசப்போகிறோம்.

லேனைச் சுத்தம் செய்து எண்ணெய் போட ஒரு இயந்திரம் இருக்கிறது. பந்து உரசி உரசித் தளம் தேயாமல் இருக்கத்தான் முதலில் எண்ணெய் போட ஆரம்பித்தார்கள். ஒரு லேனுக்கு ஆகும் மொத்த எண்ணெய் பொதுவாக 20 முதல் 30 மில்லி, அதாவது இருமல் மருந்து மூடியில் இரண்டு மூன்று மூடி. அவ்வளவு மெல்லிய படலம். அது 60 அடிக்கும் போகாது. சாதாரணமாக நாற்பது அடியை ஒட்டி நின்றுவிடும், அதற்கு அப்பால் பின் வரைக்கும் காய்ந்த தளம்.

குறுக்காகவும் எண்ணெய் ஒரே அளவில் இருக்காது. எண்ணெய் படிந்திருக்கும் அமைப்பைப் பேட்டர்ன் என்பார்கள். நாம் பணம் கட்டி விளையாடும் சாதாரண ஹவுஸ் பேட்டர்னில் நடுவில் நிறைய இருக்கும், இரண்டு ஓரத்திலும் ரொம்பக் குறைவு. புதியவர்களுக்கு இது பெரிய உதவி. பந்து குறி தவறி வலது பக்கம் போனால் காய்ந்த ஓரம் பிடித்து உள்ளே திருப்பிவிடும். இடது பக்கம் போனால் நடு எண்ணெய் வழுக்கிவிட்டு, அதிகம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். போட்டிகளுக்குப் போடும் பேட்டர்னில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. அங்கே குறி தவறினால் தவறியதுதான்.

நல்ல ஆட்டக்காரர் போட்ட பந்து மூன்று கட்டமாகப் போகும். முதலில் எண்ணெயில் வழுக்கும். எண்ணெய் குறைகிற இடத்தில் தளத்தைப் பிடித்து வளையும், இதைத்தான் ஹூக் என்கிறோம். கடைசியில் சுழற்சியும் ஓட்டமும் ஒன்றாகி, நேராக உருண்டு பின்னில் மோதும். இந்த மூன்றும் சரியான இடத்தில் நடந்தால்தான் ஒன்றாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே, பாக்கெட்டில், சுமார் 6 டிகிரி கோணத்தில் பந்து நுழையும். ஒரே பந்தில் பத்துப் பின்னும் விழும் ஸ்ட்ரைக்குக்கு அதுதான் சிறந்த கோணம். நேராகப் போடும் பந்துக்கு அந்தக் கோணம் கிடைக்க வழியே இல்லை, லேன் அவ்வளவு அகலம் கிடையாது. பந்து தேர்வு என்று நாம் செய்வதெல்லாம், இந்த வழுக்கலும் வளைவும் உருளலும் எங்கே நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான்.

பந்தை எடுப்பதற்கு முன் லேனைப் படியுங்கள்

கவுண்டரில் கேட்டுவிடுங்கள்: "எண்ணெய் எப்பப் போட்டீங்க? எத்தனை அடி பேட்டர்ன்?" பல இடங்களில் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காது. பரவாயில்லை, முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலே நிறையச் சொல்லும். "காலையிலதாங்க" என்றால் ஒரு ஆட்டம். "போன வாரம்" என்றால் முற்றிலும் வேறு ஆட்டம்.

அடுத்து, வளையக்கூடிய ஒரு பந்தை எடுத்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே வேகத்தில், இரண்டாவது அம்புக்கு மேலாக மூன்று முறை போடுங்கள். எத்தனை பின் விழுந்தது என்று பார்க்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. பந்து எந்த இடத்தில் திரும்ப ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். பின்னுக்கு அருகில் போய், அதுவும் சோம்பலாகத் திரும்பினால் எண்ணெய் அதிகம், அல்லது பேட்டர்ன் நீளம். அம்பைத் தாண்டியதுமே வளைய ஆரம்பித்து, பாக்கெட்டையும் கடந்து இடது பக்கம் ஓடினால் காய்ந்த லேன். அப்புறம் முதல் அம்பின் மேல் ஒன்று, மூன்றாவது அம்பின் மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது இந்த இரண்டில் தெரிந்துவிடும்.

அதன் பிறகு செய்ய வேண்டியது ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒன்று. திரும்பி வந்த பந்தைத் துடைக்காமல் கையில் எடுத்துப் பாருங்கள்.

மாமா பையனைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனபோது இதைத்தான் முதலில் காட்டினேன். வார நாள், காலை நேரம், லேனில் அப்போதுதான் எண்ணெய் போட்டிருந்தார்கள். நான் போட்ட முதல் பந்து திரும்பி வந்து நின்றது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். கருநீலப் பந்தின் மேல் ஈரமான வளையங்கள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஐந்தாறு. ஓரிடத்தில் உடுக்கையின் இடுப்பைப் போல எல்லாம் நெருங்கி வந்து, மறுபடி விரிந்து போயின. அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் நுனி பளபளத்தது. "இவ்வளவு எண்ணெயாங்கண்ணா!" என்றான். அதே நாள் மதியம், மூன்றாவது கேமில், அதே லேனில் இருந்து வந்த பந்தில் வளையங்கள் மங்கிப்போய், தேடினால்தான் தெரியும் அளவுக்கு வந்துவிட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே, "காஞ்சு போச்சுங்கண்ணா" என்றான்.

அந்த வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழாமல் விரிந்து விழுவதற்குக் காரணம் பந்துக்குள் இருக்கும் கோர் எனும் மையக் கட்டி. ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் அச்சு கொஞ்சம் நகர்வதால், எண்ணெய் படாத புதுப் பகுதி தளத்தைத் தொடுகிறது. அதனால்தான் பிடிப்பு கிடைக்கிறது. அரங்கிலேயே எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஹவுஸ் பந்தில் பார்த்தால் வளையம் எல்லாம் ஒரே இடத்தில் ஒரு பட்டையாக இருக்கும்.

உங்கள் கை எப்படிப்பட்டது?

ஒரே எண்ணெய், ஒரே பந்து. ஆனால் எனக்கு வளைவது உங்களுக்கு வளையாது. காரணம் வேகமும் சுழற்சியும். வேகமாக வீசி, சுழற்சி குறைவாகக் கொடுப்பவருக்கு எல்லா லேனும் எண்ணெய் அதிகமாக இருப்பது போலத்தான் தெரியும். பந்துக்குப் பிடிக்க நேரமே கிடைப்பதில்லை. மெதுவாக விட்டு, விரலால் நன்றாகத் தூக்கிச் சுழற்றுபவருக்கு எல்லா லேனும் காய்ந்த லேன்தான். அதனால் நண்பர் வைத்திருக்கும் பந்து நன்றாக வளைகிறது என்று அதையே வாங்காதீர்கள். பக்கத்தில் இருந்து யாரையாவது உங்கள் பந்தை வீடியோ எடுக்கச் சொல்லி, நீங்கள் இதில் எந்த ரகம் என்று பாருங்கள். வேகக்காரர் என்றால் கீழே நான் சொல்வதில் ஒரு படி பலமான பந்து, சுழற்சிக்காரர் என்றால் ஒரு படி மென்மையான பந்து.

மேல் ஓடு முதலில், மற்றதெல்லாம் பிறகு

பந்து விற்பவர்கள் உள்ளே இருக்கும் கோர் பற்றி அதிகம் பேசுவார்கள், படம் போட்டுக் காட்டுவார்கள். என் அனுபவத்தில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது கவர்ஸ்டாக் எனும் மேல் ஓட்டைத்தான். லேனைத் தொடுவது அது மட்டும்தானே.

ஒரு காலத்தில் மரப் பந்து இருந்தது, பிறகு ரப்பர், அப்புறம் பாலியஸ்டர். 1980களில் யூரித்தேன் வந்தது, 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் வந்து ஆட்டத்தையே மாற்றியது. இன்று கடையில் கிடைப்பவை கடைசி மூன்றும்தான்.

பாலியஸ்டரை எல்லோரும் பிளாஸ்டிக் பந்து என்பார்கள். எண்ணெயோ காய்ந்த தளமோ, அதற்குப் பெரிதாகக் கவலை இல்லை, கிட்டத்தட்ட நேராகப் போகும். ஸ்டாண்டில் அடுக்கி வைத்திருக்கும் ஹவுஸ் பந்துகள் பெரும்பாலும் இதுதான்.

யூரித்தேன் சீக்கிரமே தளத்தைப் பிடித்து, ஒரே சீராக, வில் போல வளையும். கடைசியில் வெடுக்கென்று திரும்பாது. எண்ணெயை உறிஞ்சவும் செய்யாது, முன்னால் இருக்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய்க் காய்ந்த பகுதியில் விடும்.

ரியாக்டிவ் ரெசினில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயை உறிஞ்சி, காய்ந்த இடத்துக்கு வந்ததும் பலமாகப் பிடிக்கும். இதிலேயே மூன்று வகை. சாலிட் சீக்கிரம் பிடித்துச் சீராக வளையும். பேர்ல் அதிக தூரம் வழுக்கிப்போய்க் கடைசியில் கூர்மையாகத் திரும்பும். இரண்டையும் கலந்தது ஹைபிரிட்.

இதற்கு மேல் ஒரு விஷயம், என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: மெருகு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே வெள்ளிதான், உரசிய நிலையில் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும், மெருகு ஏறினால் கை வழுக்கும். பந்தும் அப்படித்தான். அதற்கான தேய்ப்புப் பட்டைகள் 500, 1000, 2000, 3000, 4000 என்று வரும். எண் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம், சொரசொரப்பு அதிகமானால் எண்ணெயிலும் சீக்கிரம் பிடிக்கும். 4000 பட்டையில் தேய்த்து அதற்கு மேல் பாலிஷும் போட்டால் எண்ணெயில் வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகும். ஒரே பந்தை 1000 பட்டையில் ஒருமுறை, பாலிஷ் போட்டு ஒருமுறை என்று விளையாடிப் பார்த்திருக்கிறேன். இரண்டு வெவ்வேறு பந்துகள் என்றே சொல்லலாம். கையில் ஒரே பந்துதான் இருக்கிறது என்று கவலைப்படுபவர்கள் முதலில் இரண்டு தேய்ப்புப் பட்டைகள் வாங்குங்கள்.

கோர் விஷயத்தில் புதியவர்களுக்கு இரண்டு எண்கள் போதும். ஆர்ஜி என்று போட்டிருக்கும் எண் 2.46-க்கும் 2.80-க்கும் நடுவில் இருக்கும். குறைவாக இருந்தால் சீக்கிரம் உருள ஆரம்பிக்கும், அதிகமாக இருந்தால் தாமதமாக. டிஃபரன்ஷியல் என்ற இன்னொரு எண் 0.060 வரைதான் அனுமதி. அது கூடக் கூட, நான் சொன்ன எண்ணெய் வளையங்கள் அகலமாக விரியும், பிடிப்பும் கூடும். முதல் பந்துக்குச் சமச்சீரான கோர் உள்ளதையே எடுங்கள். அது எப்படி நடந்துகொள்ளும் என்று எளிதில் கணிக்கலாம்.

இப்போது எண்ணெய்க்கு ஏற்ற பந்து

எண்ணெய் நிறைய இருக்கிறது, அல்லது பேட்டர்ன் 42, 43 அடிக்கு மேல் நீளம் என்றால் சாலிட் ரியாக்டிவ், மங்கலான மேற்பரப்பு, 1000 அல்லது 2000 பட்டை, குறைந்த ஆர்ஜி, கூடுதலான டிஃபரன்ஷியல். பந்தை ஓரத்துக்கு அனுப்பாதீர்கள், அங்கே இருந்து திரும்பி வர அதற்குத் தூரம் போதாது. இரண்டாவது அம்புக்கும் மூன்றாவது அம்புக்கும் நடுவில், நேர்க்கோட்டுக்கு நெருக்கமாக ஆடுங்கள்.

நடுத்தர எண்ணெய், 38 முதல் 41 அடி, வழக்கமான ஹவுஸ் பேட்டர்ன். ஹைபிரிட் பந்து ஒன்று போதும், அல்லது மெருகு ஏற்றிய சாலிட். ஸ்டார்ம் நிறுவனத்தின் ஹை ரோட் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஹைபிரிட் என்றதும் பலர் முதலில் சொல்லும் பெயர் அது.

காய்ந்த லேனைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பவுலிங்கைத் தொடங்குவது மாலில் இருக்கும் கேளிக்கை லேனில்தான். அங்கே சனி ஞாயிறு முழுவதும் குடும்பம் குடும்பமாக வந்து ஆடுவார்கள், எண்ணெய் எப்போதாவதுதான் போடுவார்கள். அந்த லேனை நம்பித்தான் என் முதல் பந்தை வாங்கினேன். விற்றவர், "இருக்கறதுலயே பவர்ஃபுல் இதுதாங்க" என்றார். மங்கலான சாலிட், சமச்சீரில்லாத கோர், விலையும் அதிகம். முதல் நாள் இரண்டாவது அம்பின் மேல் போட்டேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, இடது பக்கம் திரும்பிவிட்டது. நான் இடது பக்கமாக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் பக்கத்து லேன்காரர் மேல் இடிக்கும் இடத்துக்குப் போனேன், அப்போதும் பந்து பாக்கெட்டுக்கு நிற்கவில்லை. இரண்டு மாதம் என் கையில்தான் கோளாறு என்று நினைத்து, நன்றாக இருந்த ரிலீஸை, அதாவது பந்தைக் கையில் இருந்து விடும் விதத்தை, மாற்றிக் கெடுத்துக்கொண்டேன். கையில் ஒரு கோளாறும் இல்லை. காய்ந்த தரையில் சொரசொரப்பான பந்தைப் போட்டால் அது சக்தியை எல்லாம் முன்னாலேயே செலவழித்துவிடும். பின்னிடம் போய்ச் சேரும்போது தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அப்படிப் பாக்கெட்டிலேயே விழுந்தாலும் மூலையில் ஒரு பின் நிற்கும்.

காய்ந்த லேனுக்கு வேண்டியது பலம் குறைந்த பந்து. பாலிஷ் போட்ட பேர்ல், ஆர்ஜி அதிகம், டிஃபரன்ஷியல் குறைவு. சுழற்சி அதிகமாகக் கொடுப்பவர் என்றால் யூரித்தேனை எடுங்கள். இன்னும் காய்ந்துபோனால் பிளாஸ்டிக்கே போதும், கூச்சமே வேண்டாம். எண்ணெய் சரியாகப் போட்டிருந்தும் பேட்டர்ன் நீளம் குறைவு, 35 அடிக்குக் கீழே என்றால் அது வேறு கதை. அங்கே முன்பக்கம் எண்ணெய் இருக்கும், பின்னால் காய்ந்த தூரம் அதிகம். அந்த இடத்தில் யூரித்தேனின் சீரான வளைவு கைகொடுக்கும், ஓரப் பலகைகளில் ஆட வேண்டும்.

எந்தப் பலகையில் என்று கேட்டால் அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பேட்டர்ன் நீளத்தில் இருந்து 31-ஐக் கழியுங்கள். 40 அடி என்றால் 9. எண்ணெய் முடிகிற இடத்தில் உங்கள் பந்து ஒன்பதாவது பலகையை ஒட்டி இருக்க வேண்டும். 35 அடி என்றால் நான்காவது பலகை, கிட்டத்தட்ட லேன் ஓரத்துப் பள்ளமான கட்டரை ஒட்டி. 44 என்றால் பதின்மூன்று, நல்ல உள்பக்கம். இது தொடங்குவதற்கான கணக்குதான், அதன் பிறகு பந்து சொல்வதைக் கேளுங்கள்.

ஆட ஆட எண்ணெய் நகரும்

இரண்டு கேமுக்கு மேல் ஆடினால் லேன் மாறும். எல்லோரும் ஒரே பாதையில் போடுவதால் அந்தப் பாதையில் எண்ணெய் தீரும், ரியாக்டிவ் பந்துகள் உறிஞ்சிக்கொண்டு போகும். முதல் கேமில் பாக்கெட்டில் விழுந்த பந்து இரண்டாவது கேமில் ஒன்றாம் பின்னின் மூக்கிலோ அதற்கும் இடது பக்கமோ விழ ஆரம்பிக்கும். அப்போது உடனே பந்தை மாற்றாதீர்கள். பந்து இடது பக்கம் தவறினால் நீங்களும் இடது பக்கம் நகருங்கள். நிற்கும் இடத்தை இரண்டு பலகை, பார்க்கும் குறியை ஒரு பலகை. வலது பக்கம் தவறினால் வலது பக்கம் நகருங்கள். தவறுகிற திசையிலேயே நகர்வது முதலில் விசித்திரமாகத் தோன்றும், இரண்டு முறை செய்து பார்த்தால் பழகிவிடும்.

இரண்டு மூன்று முறை நகர்ந்த பிறகும் பந்து சக்தியில்லாமல் போய் விழுந்தால் அப்போது மாற்றுங்கள். சாலிடில் இருந்து ஹைபிரிடுக்கு, ஹைபிரிடில் இருந்து பேர்லுக்கு. யாராவது யூரித்தேன் போட்டுக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவர்கள் தள்ளிவிடும் எண்ணெய் நாற்பது அடிக்கு அப்பாலும் போய்ப் படியும், உங்கள் பந்து திடீரென்று திரும்ப மறுக்கும். அது உங்கள் தவறு இல்லை.

வாங்கும் வரிசையும் துளை போடுவதும்

முதல் பந்து, நடுத்தர ஹைபிரிட் அல்லது மென்மையான சாலிட், உங்கள் கைக்கே துளை போட்டது. இரண்டாவது, ஸ்பேருக்கு, அதாவது முதல் பந்தில் விழாமல் நின்ற பின்களை எடுக்க, ஒரு பிளாஸ்டிக். வலது கைக்காரர்களுக்குத் வலது மூலையில் தனியாக நிற்கும் பத்தாம் பின்னை எடுக்க அதைப் போல் நம்பகமானது இல்லை, எண்ணெய் எப்படி இருந்தாலும் நேராகப் போகும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஆடுங்கள். அதற்குள் எந்த லேனில் எது போதவில்லை என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவது பந்தை அந்தக் குறையைப் பார்த்து வாங்குங்கள்.

எடை 16 பவுண்டு வரை அனுமதி. அது 7 கிலோவுக்கு மேல். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள், அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கேமின் கடைசிச் சுற்றான பத்தாவது ஃபிரேமிலும் தோள் இறுக்கமில்லாமல் ஊசலாட முடிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. சரியாகத் துளை போட்ட 14 பவுண்டு பந்து, பொருந்தாத துளையுள்ள 12 பவுண்டு ஹவுஸ் பந்தைவிட லேசாகத் தெரியும்.

துளை போடுவதில் அவசரம் வேண்டாம். ஆன்லைனில் பந்து வாங்கிவிட்டு, பெங்களூரிலோ சென்னையிலோ யாரிடமாவது துளை போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். முடியும்தான். ஆனால் நீங்கள் போடுவதை நேரில் பார்த்துத் துளை போடுபவரிடம் வாங்குவது நல்லது. உங்கள் பந்தில் எண்ணெய் வளையம் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் கோரை எந்தப் பக்கம் வைப்பது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணு வரை மட்டும் நுழையும் ஃபிங்கர்டிப் பிடியையே கேளுங்கள். கட்டை விரல் இழுக்காமல் தானாகக் கழன்று வர வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கவனம். நம் ஊர் வெயிலில் இருந்து கிளம்பிப் போகும்போது விரல்கள் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஏசி அரங்கில் ஒரு மணி நேரம் ஆனதும் சுருங்கும். வந்த உடனே அளவு கொடுக்காதீர்கள். இரண்டு கேம் ஆடிவிட்டுக் கொடுங்கள். பிறகு ஏற்படும் வித்தியாசத்தைக் கட்டை விரல் துளைக்குள் ஒட்டும் டேப்பால் சரிசெய்துகொள்ளலாம்.

பெங்களூரில் போட்டிகள் நடந்த அரங்குகளுக்கு முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். நாம் ஆடுவதைவிட, அங்கே பழகுபவர்கள் லேனை எப்படிப் பார்க்கிறார்கள், எப்போது பந்தை மாற்றுகிறார்கள் என்று பின்னால் உட்கார்ந்து கவனிப்பதே பெரிய பாடம். தமிழ்நாட்டுக்காக ஆடித் தேசியச் சாம்பியனான ஷபீர் தன்கோட் போன்றவர்கள் எழுந்து வந்தது எண்ணி எடுக்கக்கூடிய சில லேன்களில் இருந்துதான். வசதி குறைவு என்பதால் நம்மால் முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை.

பந்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு முறை போட்ட பிறகும் மைக்ரோஃபைபர் துணியால் எண்ணெய் வளையங்களைத் துடையுங்கள். துடைக்காமல் போட்டால் எண்ணெய் மேல் எண்ணெய்தான் உருளும். ஆட்டம் முடிந்ததும் பந்து இன்னும் சூடாக இருக்கும்போதே கிளீனர் போட்டு ஒருமுறை நன்றாகத் துடைத்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ச் செய்தால் அதற்குள் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். ஐம்பது அறுபது கேமுக்கு ஒருமுறை ரியாக்டிவ் பந்தில் இருந்து எண்ணெயை எடுத்து, மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும். "பந்து செத்துப்போச்சு" என்று சொல்லும் பந்துகளில் பாதி, உண்மையில் எண்ணெய் குடித்து மந்தமாகிப்போன பந்துகள்தான்.

வெயில்தான் நம் ஊரில் பெரிய எதிரி. ஏப்ரல், மே மாதம் மதியம் நிறுத்தி வைத்த கார் டிக்கியில் பந்தை விடவே கூடாது. அந்தச் சூட்டில் எண்ணெய் தானாக வெளியே கசியும், மேல் ஓடு விரியும், துளையில் இருந்து விரிசல் தொடங்கும். சூட்டில் இருந்து குளிருக்கும் குளிரில் இருந்து சூட்டுக்கும் சட்டென்று மாறுவதும் அதே அளவு ஆபத்து. பெங்களூரில் ஆடிவிட்டு, அப்படியே ஏற்காடு போய் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மதியம் சேலம் வெயிலில் இறங்குவது நமக்குச் சுகமான பயணம், பந்துக்கு இல்லை. பையிலேயே, துணியில் சுற்றி, காரில் உட்காரும் பகுதியிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் பீரோவுக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மொட்டை மாடி அறை வேண்டாம்.

பைக்குள் ஒரு சின்ன நோட்டும் இருக்கட்டும். தேதி, எந்த லேன், எண்ணெய் எப்போது போட்டது, எந்தப் பந்து, என்ன மெருகு, எத்தனையாவது பலகையில் ஆடினீர்கள், எந்தக் கேமில் இடது பக்கம் நகர வேண்டியிருந்தது. அடுத்த முறை அதே இடத்துக்குப் போகும்போது, ஷூ மாட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.